ஏரி அடிச் சேறும் எட்டு டிகிரியும்

முப்பத்தாறு லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் கோடைக்காலம் இன்றைவிட எட்டு டிகிரி சூடாக இருந்தது. இப்படி ஒரு வரியைச் செய்தித்தாளில் பார்த்தால் பலர் ‘விஞ்ஞானிகள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்’ என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். சிலர் மட்டும், ‘அன்றைக்கு யார் போய் வெப்பமானி வைத்துப் பார்த்தார்களாம்?’ என்று கேட்பார்கள். எனக்கு இந்த இரண்டாவது ஆட்களைத்தான் பிடிக்கும். கிண்டலாகக் கேட்டாலும் கேள்வி நியாயமானது. அந்த எட்டு டிகிரி எங்கிருந்து வந்தது, யார் கைபட்டு வந்தது, எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தெரியாமல் அதை நம்புவதும் ஒன்றுதான், நம்பாமல் இருப்பதும் ஒன்றுதான்.

நிலவியல் படித்துவிட்டு, வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில் ஆர்க்டிக் ஏரிச் சேற்றைச் சலிக்கும் வேலையைக் கொஞ்ச காலம் பார்த்தேன். நான் சலித்தது சின்னச் சின்ன ஏரிகளின் சேறு. ஆனால் அங்கே எல்லோர் பேச்சிலும் பெரிய தலையாக அடிபட்ட ஏரி ஒன்று உண்டு. எட்டு டிகிரி வந்ததும் அங்கிருந்துதான்.

எல்கிகிட்கின் என்று பெயர். வாயில் நுழையாது என்பதால் அதில் வேலை செய்தவர்களே ‘லேக் ஈ’ என்று சுருக்கிக்கொண்டார்கள். ரஷ்யாவின் சுகோட்கா பகுதியில், ஆர்க்டிக் வட்டத்துக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு விண்கல் விழுந்து 18 கிலோமீட்டர் அகலத்துக்குப் பள்ளம் பறித்தது. அதில் தேங்கிய நீர்தான் ஏரி. இப்போது 12 கிலோமீட்டர் குறுக்களவு, சுமார் 170 மீட்டர் ஆழம். ஆண்டில் முக்கால்வாசி நாள் மேலே பனிக்கட்டி மூடியிருக்கும். கரையில் மரம் என்று சொல்ல ஒன்று கிடையாது. புல், பாசி, தரையோடு தரையாகப் படரும் வில்லோ, அவ்வளவுதான்.

ஆர்க்டிக்கில் ஏரிக்கா பஞ்சம்? கனடாவிலும் பின்லாந்திலும் எண்ண முடியாத அளவுக்கு இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை நேற்றுப் பிறந்தவை. பனியுகங்களில் இரண்டு மூன்று கிலோமீட்டர் தடிமனான பனிப்பாளம் நகர்ந்து போகும்போது அடியிலிருந்த பழைய சேற்றையெல்லாம் வழித்துக்கொண்டு போய்விடும். பனி விலகிய பிறகு, பத்தாயிரம் பன்னிரண்டாயிரம் ஆண்டுகளாகத்தான் அங்கே புதுச்சேறு சேர்கிறது. சுகோட்கா கடுங்குளிர் ஊர்தான், ஆனால் வறண்ட ஊர். பனிப்பாளம் கட்ட வேண்டுமென்றால் குளிர் மட்டும் போதாது, பனி பெய்யவும் வேண்டும். அங்கே அவ்வளவு பெய்யவில்லை. அதனால் இந்த ஏரியின் மேல் பனிப்பாளம் ஏறவே இல்லை. விழுந்த தூசி விழுந்தபடி, படிந்த சேறு படிந்தபடி 36 லட்சம் ஆண்டுகளாக அடுக்கிக் கிடக்கிறது. கிரீன்லாந்துப் பனியைத் துளைத்தால் குழப்பமில்லாமல் தொடர்ச்சியாகக் கிடைப்பது ஒன்றேகால் லட்சம் ஆண்டு அளவுக்குத்தான் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஏன் இந்த ஒரு ஏரிக்காக அத்தனை பேர் அலைந்தார்கள் என்று புரியும்.

அலைச்சல் என்றால் சாதாரண அலைச்சல் இல்லை. துளையிடும் இயந்திரம் கப்பலில் பெவெக் என்ற துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து உறைந்த தூந்திரா வெளியில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இழுத்துக்கொண்டு போகப்பட்டது. சாலை கிடையாது, நிலம் உறைந்தால்தான் வண்டி போகும். 2008–09 குளிர்காலத்தில், ஏரி உறைந்ததும் அதன் மேலேயே இயந்திரத்தை நிறுத்தினார்கள். பனிக்கட்டி அவ்வளவு எடையைத் தாங்க வேண்டுமே! மேலே கிடக்கும் வெண்பனியை ஒதுக்கி, அடியிலிருந்து நீரை இறைத்து மேலே ஊற்றி, அது உறைய உறைய மறுபடி ஊற்றி, தளத்தைத் தடிப்பாக்கினார்கள். வெண்பனி கிடந்தால் கம்பளி போர்த்திய மாதிரி, கீழே குளிர் இறங்காது. அதனால்தான் முதலில் அதை ஒதுக்குவது. அமெரிக்காவின் ஜூலி பிரிகாம்-கிரெட், ஜெர்மனியின் மார்ட்டின் மெல்லெஸ், ரஷ்யாவின் பாவெல் மின்யுக், விண்கல் பள்ளத்தை ஆராய வந்த ஆஸ்திரியாவின் கிறிஸ்டியன் கோபெர்ல் ஆகியோர் இந்தக் கூட்டு முயற்சியை முன்நின்று நடத்தினார்கள். 170 மீட்டர் நீருக்குக் கீழே 318 மீட்டர் சேறு. அதற்கும் கீழே விண்கல் மோதி நொறுக்கிய பாறைக்குள் இன்னும் இருநூறு மீட்டர் அளவுக்குப் போனார்கள்.

எங்கள் சித்தப்பா போர்வெல் வண்டி வைத்திருக்கிறவர். அவரிடம் போனில் இந்தக் கதையைச் சொன்னபோது மனக்கணக்காக அடியில் மாற்றிப் பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, ஆயிரம் அடி போட்டிருக்காங்க. தண்ணிக்கு இல்ல, சேத்துக்கா?” என்றார். அப்புறம் அவரே, “குழாய்க்குள்ள சேறு கலங்காம எப்படி மேல வருது?” என்று கேட்டார். ஆய்வகத்துக்கு வந்து போன எந்தப் பார்வையாளரும் இவ்வளவு சரியான கேள்வியைக் கேட்டதில்லை. நம் ஊர் போர்வெல்லில் உள்ளே இருப்பது தூளாகிப் புழுதியாக வெளியே வரும். இங்கே வேண்டியது அதற்கு நேர்மாறு. உள்ளே இருந்த அடுக்கு அப்படியே வர வேண்டும். மேல்பகுதிச் சேறு மிருதுவாக இருப்பதால் குழாயைச் சுழற்றாமல் நீர் அழுத்தத்தில் ஒரே தள்ளாகத் தள்ளி இறக்குவார்கள். கீழே போகப் போகச் சேறு இறுகிவிடும், அப்போதுதான் சுழற்றி அறுப்பது. மேலே வந்த குழாய் உறைந்துவிடாமல் காப்பது இன்னொரு தலைவலி. உறைந்தால் நீர் விரிந்து அடுக்குகளைக் கிழித்துவிடும். ஊரே உறைந்து கிடக்க, சேற்றுக்கு மட்டும் வெதுவெதுப்பான பெட்டி! அப்படித்தான் அது விமானமேறி செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய், அங்கிருந்து கொலோன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

குழாய் திறக்கும் வேலையை நான் என் சின்ன ஏரிகளில் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் குழாயின் இரண்டு பக்கமும் நீளவாக்கில் வாளால் அறுத்து, நடுவே மெல்லிய கம்பியை இழுத்தால் சேறு இரண்டு பாதியாகப் பிளக்கும். முதலில் மூக்கில் ஏறுவது அழுகிய முட்டை நாற்றம். பிறகு நிறம். திறந்த நேரத்தில் கரும்பச்சையாக, ஈரம் பளபளக்க, சில இடங்களில் மை போலக் கறுப்பாக இருக்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் காற்றுப் படாத சேறு காற்றைப் பார்த்ததும் அதிலுள்ள இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கும். மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்தால் பழுப்பேறியிருக்கும். அதனால் திறந்த உடனே படம் எடுத்துவிட வேண்டும். ஒரு பாதி ஆய்வுக்கு, மறுபாதி காப்பகத்துக்கு. காப்பகப் பாதியைக் கீற அவ்வளவு லேசில் விடமாட்டார்கள்.

சரி, சேறு வந்துவிட்டது. எந்த அடுக்கு எந்தக் காலம் என்று எப்படிச் சொல்வது? இங்கேதான் பாதி உழைப்பு போகிறது, இதைப் பற்றித்தான் செய்தித்தாள்கள் ஒரு வரிகூட எழுதுவதில்லை.

அதிர்ஷ்டமிருந்தால் ஏரியே ஆண்டுக் கணக்கு எழுதி வைத்திருக்கும். கோடையில் பனி உருகி ஓடிவரும் நீர் பருத்த வண்டலைக் கொண்டுவந்து கொட்டும். குளிர்காலத்தில் மேலே மூடிவிட்டால் நீர் அசைவற்று நிற்கும், மிதந்துகொண்டிருக்கும் நுண்ணிய களிமண் மெதுவாக இறங்கிப் படியும். தடிப்பாக ஒரு பட்டை, மெல்லியதாக ஒரு பட்டை, இரண்டும் சேர்ந்தால் ஓர் ஆண்டு. ஸ்வீடனில் கெரார்ட் டி கீர் 1870களின் கடைசியிலேயே இந்தப் பட்டைகளைப் பார்த்து ஆண்டு எண்ணத் தொடங்கிவிட்டார். கனடாவின் எல்ஸ்மியர் தீவில் சி2 என்ற ஏரியில் இப்படி 3,000 ஆண்டுகளுக்கு மேல் எண்ணியிருக்கிறார்கள்.

லேக் ஈயில் அந்தச் சொகுசு கிடையாது. 318 மீட்டரை 36 லட்சம் ஆண்டால் வகுத்தால் ஆயிரம் ஆண்டுக்குச் சராசரியாக ஒன்பது சென்டிமீட்டர்கூட வராது. ஆண்டு தெரிய வாய்ப்பே இல்லை. அங்கே கைகொடுத்தது பூமியின் காந்தம். பூமியின் காந்தத் துருவங்கள் அவ்வப்போது தலைகீழாகும். சேற்றில் படியும் காந்தத் துகள்கள் அந்தந்தக் காலத்துத் திசையைக் காட்டியபடி படிந்துவிடும். கடைசித் திருப்பம் சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன், அதற்கும் கீழே 26 லட்சத்தை ஒட்டி இன்னொரு பெரிய திருப்பம் என்று உலகெங்கும் எரிமலைப் பாறைகளில் கணக்கிட்டு வைத்த பட்டியல் இருக்கிறது. சேற்றில் திசை மாறும் இடங்களை அந்தப் பட்டியலோடு பொருத்தினால் காலம் உறுதியாகத் தெரிந்த சில அடுக்குகள், முளையடித்த மாதிரி, கிடைத்துவிடும். முளைகளுக்கு நடுவில் பூமியின் சுற்றுப்பாதை மாற்றங்களை வைத்து நிரப்புகிறார்கள்.

நாங்கள் பார்த்த சின்ன ஏரிகளுக்குக் கார்பன்-14தான் கதி. உயிர் போன இலைதழையில் மெல்லச் சிதைந்து குறையும் கரி அது, மிச்சத்தை அளந்தால் வயது தெரியும். ஐம்பதாயிரம் ஆண்டுக்குள் இருக்கும் எதற்கும் அது போதும். ஆனால் ஆர்க்டிக்கில் அதற்கு ஒரு பொல்லாத கண்ணி உண்டு. சுற்றியுள்ள உறைநிலத்தில் பல்லாயிரம் ஆண்டுப் பழைய இலைதழை மக்காமல் கிடக்கும். கோடையில் கரை சரிந்தால் அது ஏரிக்குள் வந்து விழும். புதுச்சேற்றில் பழங்கரி கலந்துவிடும். மொத்தச் சேற்றை அப்படியே அனுப்பிக் காலம் கேட்டால், நேற்றுப் படிந்த அடுக்கு ஆயிரம் இரண்டாயிரம் ஆண்டுப் பழையது என்று பதில் வரும். அதனால் சேற்றைக் கழுவிக் கழுவி, சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத வில்லோ இலைத் துணுக்கையோ பாசித் தண்டையோ தேட வேண்டும். மென்மையான இலை என்றால் நீண்ட காலம் எங்கும் கிடந்து உருண்டு வந்திருக்காது, உதிர்ந்த உடனே படிந்திருக்கும் என்ற நம்பிக்கை. ஒரு இலைத்துணுக்கு கிடைத்த நாளில் ஆய்வகத்தில் எல்லோரும் எழுந்து வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

காலம் தெரிந்த பிறகுதான் வெப்பம்.

என் வேலை பூச்சித் தலை. கைரோனோமிட் என்று ஒரு பூச்சி, பார்க்கக் கொசு மாதிரியே இருக்கும், கடிக்காது. அதன் புழு ஏரி அடியில் வளரும். வளர வளர நான்கு முறை தோலுரிக்கும், ஒவ்வொரு முறையும் கெட்டியான தலை ஓடு கழன்று சேற்றில் விழும். கைட்டின் என்ற பொருளால் ஆனது, லேசில் மக்காது. கொஞ்சம் சேற்றை எடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வெதுவெதுப்பாக ஊறவைத்தால் கட்டிகள் கரைந்துவிடும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கண்ணுள்ள சல்லடையில் அலசி, சல்லடையில் நின்றதைத் தட்டில் ஊற்றி, உருப்பெருக்கியின் கீழே நுண் இடுக்கியால் ஒவ்வொரு தலையாகப் பொறுக்க வேண்டும். தேன்நிறத்தில், ஒளி ஊடுருவ, சிறிய தொப்பி மாதிரி தெரியும். கண்ணாடித் தகட்டில் தாடை மேலே பார்க்கும்படி கிடத்தினால் வரிசையாகப் பற்கள் தெரியும். நடுப்பல் ஒன்றா இரண்டா, பக்கப்பல் எத்தனை, எது நீளம் என்று பார்த்துத்தான் இனம் பிரிப்பது. ஒரு மாதிரிக்குக் குறைந்தது ஐம்பது தலையாவது வேண்டும். ஆர்க்டிக் சேற்றில் சில நாள் அதைச் சேர்ப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். சில இனங்களின் பற்கள் தேய்ந்து போயிருக்கும், பாதித் தலைதான் கிடைக்கும். பாதித் தலையை அரை என்று எண்ணுவதற்கும் விதி இருக்கிறது!

ஒலிவெரிடியா போன்ற சில இனங்கள் கடுங்குளிர் ஏரியில் மட்டும் வாழும். கைரோனோமஸ் போன்றவை சற்று வெதுவெதுப்பான நீரை விரும்பும். இன்றைய ஏரிகள் பலவற்றின் மேல்சேற்றை எடுத்து, எந்த ஏரியின் கோடை எத்தனை டிகிரி, அங்கே எந்தத் தலை எத்தனை விழுக்காடு என்று ஓர் ஒப்பீட்டுத் தொகுப்பு செய்து வைத்திருப்பார்கள். பழைய அடுக்கில் கிடைத்த தலைகளின் விகிதத்தை அதோடு பொருத்தினால் அன்றைய கோடைக்கு ஒரு எண் வரும். பிழை ஒன்றிலிருந்து இரண்டு டிகிரிவரை. பிழை அதோடு முடிந்தால் பரவாயில்லை. ஏரி ஆழம் குறைந்தாலும் பூச்சி மாறும், உரச்சத்து கூடினாலும் மாறும். புழு தன் பாட்டுக்கு வாழ்ந்துவிட்டுப் போயிருக்கிறது, நமக்கு வெப்பநிலை சொல்வதற்காகப் பிறக்கவில்லை.

மகரந்தமும் இப்படித்தான். பைன் மகரந்தத்துக்கு இரண்டு பக்கமும் காற்றுப்பை உண்டு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வரும். தூந்திரா ஏரியில் பைன் மகரந்தம் கிடைத்தது என்பதால் மட்டும் கரையில் பைன் காடு இருந்தது என்று சொல்லிவிட முடியாது. லார்ச் மரம் நேர்மாறு. அதன் மகரந்தம் கனமானது, தூரம் போகாது, நன்றாக நிலைத்தும் நிற்காது. நாலே நாலு லார்ச் மகரந்தம் கிடைத்தாலும் போதும், மரம் பக்கத்தில்தான் நின்றிருக்கிறது. நூறு பைனைவிட நாலு லார்ச்சுக்கு மதிப்பு அதிகம். இந்த வகைக் கணக்கு எந்த மென்பொருளுக்கும் தானாக வராது. யாரோ ஒருவர் பல ஆண்டு உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டு கற்றது.

அதனால் இந்தத் துறையில் யாரும் ஒற்றைச் சான்றை நம்புவதில்லை. லேக் ஈ சேற்றை எக்ஸ்-கதிர் ஸ்கேனருக்குள் செலுத்தி சிலிக்கானுக்கும் டைட்டேனியத்துக்கும் உள்ள விகிதத்தை அளந்தார்கள். டைட்டேனியம் கரையிலிருந்து அடித்து வரும் மண்ணில்தான் வரும். சிலிக்கான் மண்ணிலும் வரும், டயாட்டம் என்ற நுண்பாசியின் கண்ணாடி ஓட்டிலும் வரும். விகிதம் கூடினால் ஏரியில் பாசி செழித்திருக்கிறது, அதாவது பனி சீக்கிரம் விலகி நீண்ட கோடை கிடைத்திருக்கிறது. பிறகு சேற்றின் நிறம். கோடையிலும் பனி முழுதாக விலகாத கடுங்குளிர் காலங்களில் அடிநீருக்கு உயிர்வாயு போகாது, புழுபூச்சி எதுவும் கிளறாது, மெல்லிய அடுக்குகள் கலையாமல் கறுத்துக் கிடக்கும். காந்தத் துகள்கள்கூட அந்த உயிர்வாயு இல்லாத சேற்றில் கரைந்து போகும். வெப்பமான காலத்துச் சேறு செம்பழுப்பு. மகரந்தம் தாவரத்திலிருந்து வருகிறது, டயாட்டம் நீரிலிருந்து, காந்தம் வேதியியலிலிருந்து. மூன்றுக்கும் ஒன்றோடொன்று கூட்டுச்சேர வழியில்லை. மூன்றும் ஒரே அடுக்கில் ஒரே திசையைக் காட்டினால், அப்போதுதான் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

2012-இல் மெல்லெஸ் குழு கடந்த 28 லட்சம் ஆண்டுக் கணக்கை வெளியிட்டது. மறு ஆண்டு பிரிகாம்-கிரெட் குழு அதற்கும் முந்தைய, அடிமட்டத்துப் பகுதியை வெளியிட்டது. 36 லட்சத்துக்கும் 34 லட்சத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் இன்று மரமே இல்லாத அந்தக் கரையில் லார்ச், ஸ்ப்ரூஸ், ஃபிர், ஹெம்லாக் மரங்கள் நின்றிருக்கின்றன. கோடையின் உச்ச மாதம் 15, 16 டிகிரி. இன்று அது எட்டை ஒட்டித்தான் இருக்கிறது. எட்டு டிகிரி என்பது இதுதான். அன்றைய காற்றில் கரியமில வாயு, வேறு சான்றுகளின்படி, பத்து லட்சத்தில் 400 பங்கு அளவில் இருந்தது. அந்தக் கட்டுரை வந்தது 2013 மே மாதம். ஹவாயின் மௌனா லோவா ஆய்வு நிலையத்தில் கரியமில வாயு 400-ஐத் தொட்டதும் அதே மே மாதம்தான். இப்படி ஒரு தற்செயலைக் கதையில் எழுதினால் எடிட்டர் வெட்டிவிடுவார். இப்போது 420-ஐயும் தாண்டிவிட்டோம். அப்படியானால் சுகோட்காவில் ஏன் இன்னும் காடு வரவில்லை என்றால், கடலும் பனிப்பாளமும் காடும் காற்றின் வேகத்துக்கு நகராது. அன்று 400 பங்கு நீண்ட காலம் நின்றது. நாம் அதைக் கண்மூடித் திறப்பதற்குள் எட்டியிருக்கிறோம்.

ஆனால் எனக்கு எட்டு டிகிரியைவிட உறுத்துவது இன்னொரு அடுக்கு. சுமார் நான்கு லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய பனியுக இடைக்காலம் ஒன்று, அதாவது இரண்டு பனியுகங்களுக்கு நடுவில் வந்த சூடான காலம். துறைக்காரர்கள் பதினொன்றாம் கட்டம் என்பார்கள். அதையும், 11 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய இன்னொன்றையும் அவர்கள் ‘சூப்பர் இடைக்காலம்’ என்று தனியாகப் பிரித்தார்கள். சேறு செம்பழுப்பாகிறது, சிலிக்கான் விகிதம் எகிறுகிறது, ஸ்ப்ரூஸ் மகரந்தம் வருகிறது. நாம் வாழும் இந்த இடைக்காலத்தைவிடக் கோடை நான்கைந்து டிகிரி கூடுதல், மழையும் ஆண்டுக்கு 300 மில்லிமீட்டர் கூடுதல்.

இதில் என்ன சிக்கல் என்றால், அன்றைக்கு அவ்வளவு சூடாக இருக்கக் காரணமே இல்லை. நான்கு லட்சம் ஆண்டுக்கு முன் கரியமில வாயு 280 பங்கு அளவுதான், தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவு. சூரியன்? பூமியின் சுற்றுப்பாதையால் வடதுருவக் கோடைக்கு வரும் வெயில் கூடிக் குறையும் என்பது தெரிந்த கணக்கு. ஒன்றேகால் லட்சம் ஆண்டுக்கு முந்தைய இடைக்காலத்தில் அந்த வெயில் இதைவிடக் கூடுதல். ஆனால் லேக் ஈயில் அந்தக் காலம் அவ்வளவு சூடாக இல்லை! வெயில் அதிகமான காலத்தில் மிதமான வெப்பம், வெயில் குறைந்த காலத்தில் அசாதாரண வெப்பம். கணினி மாதிரிகளில் வெயிலையும் வாயுவையும் ஏற்றிப் பார்த்தார்கள். சேறு சொல்கிற வெப்பம் வரவில்லை.

சேற்றைத் தப்பாகப் படித்துவிட்டார்களோ என்று சந்தேகப்படலாம். நானாக இருந்தால் முதலில் அதைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன். ஆனால் மேலே சொன்ன சாட்சிகள் எல்லாமே ஒரே பக்கம் நிற்கின்றன. அப்படியானால் கணக்கில் ஏதோ விடுபட்டிருக்கிறது. அவர்கள் முன்வைத்த யோசனை ஒன்று துணிச்சலானது, காரணம் உலகின் மறுமுனையில் இருக்கலாம் என்பது. மேற்கு அண்டார்க்டிகாவின் பனி பின்வாங்கினால் அங்கே உருவாகி வடக்கு நோக்கி ஊர்ந்து வரும் குளிர்ந்த அடிநீர் குறையும். வட பசிபிக்கில் அந்தக் குளிர்நீர் மேலெழுவது குறைந்தால் கடல் மேற்பரப்பு சூடாகும். அந்தச் சூடு சுகோட்காவுக்கு வரும். கூடவே, பனி உருகிக் கடல்மட்டம் உயர்ந்தால் பெரிங் நீரிணை வழியாக ஆர்க்டிக்குக்குள் போகும் வெதுவெதுப்பான நீரும் கூடும். தென்துருவத்துப் பனி உருகியதற்கான சாட்சி வடதுருவத்து ஏரிச் சேற்றில்! இது நிரூபணமான விஷயமில்லை, ஒரு வாதம் மட்டுமே. ஆனால் வடக்கும் தெற்கும் தனித்தனி என்று நினைத்துப் போடும் எந்த எதிர்காலக் கணக்கின் மேலும் இது ஒரு கேள்விக்குறி போட்டுவிடுகிறது. காலநிலை மாதிரிகள் மிகைப்படுத்துகின்றன என்று சொல்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். இந்த ஏரியைப் பொறுத்தவரை மாதிரிகள் குறைத்துத்தான் சொல்லியிருக்கின்றன.

‘பூமி முன்னாலும் சூடாகியிருக்கிறதே, இப்போது மட்டும் என்ன?’ என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல லேக் ஈ சரிப்படாது, அதன் சேறு அவ்வளவு மெதுவாகப் படிவது. அதற்குக் கனடாவின் பாஃபின் தீவில் சிஎஃப்8 என்ற குட்டி ஏரி இருக்கிறது. அதன் மேல் பனிப்பாளம் ஏறியும் அடிச்சேறு வழிக்கப்படாமல் தப்பித்தது. அங்கே பனி தரையோடு உறைந்து ஒட்டியிருந்ததால் நகர்ந்து உரசவில்லை. இரண்டு லட்சம் ஆண்டுச் சேறு, இடையிடையே விடுபட்டு, கிடைத்தது. யாரோ ஆக்ஸ்ஃபோர்டும் அவர் குழுவினரும் 2009-இல் வெளியிட்டார்கள். ‘யாரோ’ அந்த ஆய்வாளரின் முதற்பெயர், என் அலட்சியம் இல்லை. அவர் படித்ததும் பூச்சித் தலைகளைத்தான். கடந்த ஏழெட்டாயிரம் ஆண்டுகளாக வடதுருவக் கோடை வெயில் மெல்லக் குறைந்துகொண்டே வந்திருக்கிறது, அதற்கேற்பக் குளிர் விரும்பும் இனங்கள் பெருகிக்கொண்டு வந்தன. கணக்குப்படி இன்னும் பெருக வேண்டும். 1950-ஐ ஒட்டித் திடீரென்று சரிந்து, அந்த இரண்டு லட்சம் ஆண்டில் இல்லாத அளவுக்குக் குறைந்துவிட்டன. அதே ஆண்டில் டாரெல் காஃப்மன் குழு ஆர்க்டிக்கின் ஏரிச்சேறு, பனி, மரவளையம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, 2,000 ஆண்டுகளாக மெதுவாகக் குளிர்ந்து வந்த பகுதி இருபதாம் நூற்றாண்டில் எதிர்த்திசையில் திரும்பியதைக் காட்டியது. வெயில் ஒரு பக்கம் இழுக்க, வெப்பம் மறுபக்கம் போகிறது. இதற்கு மேல் சூரியனைக் குற்றம் சொல்ல இடமில்லை.

லேக் ஈக்கு மறுபடி போக முடியுமா என்று ஆய்வகத்தில் ஒருமுறை பேச்சு வந்தது. 2022-க்குப் பிறகு ரஷ்யாவோடு மேற்கத்திய நிறுவனங்களின் ஆய்வுக் கூட்டுகள் பெரும்பாலும் நின்றுபோயிருக்கின்றன. இருக்கிற சேற்றைத்தான் பார்த்துச் செலவழிக்க வேண்டும். காப்பகப் பாதி அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், குளிர்பதன அறையில் இருக்கிறது. யாராவது புது முறை கண்டுபிடித்தால் அரை ஸ்பூன் கேட்டு விண்ணப்பம் போடுவார்கள். நுண்ணுயிரிகளின் சவ்வுக் கொழுப்பு குளிருக்கேற்ப வடிவம் மாறுவதை வைத்து வெப்பம் கணிக்கும் முறை அப்படித்தான் பின்னால் வந்து சேர்ந்தது. பொறுக்கிய தலையை மறுபடி எண்ணலாம், ஆனால் கரைத்த சேற்றை மறுபடி கரைக்க முடியாது. அதனால் விண்ணப்பத்தில் முதல் கேள்வியே எத்தனை கிராம் என்பதுதான்.